நோர்வேயில் இருந்து வந்த ஹொப்ஸ் வேர்

கேள்வி (ஒட்டுசுட்டானில் இருந்து): மகன் நோர்வேயில் இருந்து வந்தபோது, பியருக்குப் போடும் ஹொப்ஸ் கொடியின் வேர்த்துண்டுகள் பத்து கொண்டுவந்தான். அங்கே அவன் வீட்டில் கூரைவரை ஏறுகிறதாம். நான் கம்பிப் பந்தல் போட்டு, மாட்டெருவும் போட்டு நட்டேன். முழங்கால் உயரம் வரமுதலே நாலைந்து பூ வைத்துவிட்டு அப்படியே நிற்கிறது. பயிர் மருந்துக்கடையில் வளர்ச்சி ஊக்கி என்று இரண்டு போத்தல் தந்தார்கள், இப்போது மூன்றாவதும் வேண்டுமாம். மண் பிழையா?

பதில்: அண்ணை, மூன்றாவது போத்தலை வாங்காதீர்கள். மண்ணிலும் பிழையில்லை, எருவிலும் பிழையில்லை. ஹொப்ஸ் பகலின் நீளம் பார்த்து வளரும் கொடி. ஹொப்ஸ் நிறைய விளையும் அமெரிக்காவின் யாக்கிமாவிலும் ஜெர்மனியின் ஹல்லர்டாவிலும் ஜூன் மாதப் பகல் 16 மணித்தியாலம் அளவில் இருக்கும், ஒஸ்லோவில் இன்னும் கூட, அந்த வெளிச்சம் இருக்கும்வரை ஏறிக்கொண்டே போய், பகல் குறையத் தொடங்கத்தான் பூவுக்குத் திரும்பும். வன்னியில் வருசத்தின் மிக நீண்ட பகலே ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம், அதனால்தான் குருத்திலேயே பூக்கிறது. பிரேசிலில் இரவில் மின்விளக்குப் போட்டுப் பகலை நீட்டி வளர்க்கிறார்கள், பத்து வேருக்கு அந்தச் செலவு வேண்டாம். என்ன பயிர், எந்த நாட்டுப் பயிர் என்று கேட்காமலே ஊக்கி எடுத்துத் தரும் கடைக்காரர் உங்கள் பயிரைப் பார்க்கவில்லை, தன் தட்டில் இருக்கும் சரக்கைத்தான் பார்க்கிறார்.

நீங்கள் கேட்காததுதான் எனக்குப் பெரிய கவலை. அந்த வேர் அனுமதி எடுத்து வந்ததா, பெட்டிக்குள் உடுப்போடு வந்ததா? ஹொப்ஸைக் குட்டையாக்கும் வைரோயிட் (வைரசிலும் சிறிய நோய்க்கிருமி) ஒன்று இருக்கிறது, வேர்த்துண்டிலும் வெட்டும் கத்தியிலும் பரவும், கொடியைப் பார்த்து இருக்கா இல்லையா என்று சொல்ல முடியாது. அதே வைரோயிட் வெள்ளரியிலும் தேசி, தோடை மரங்களிலும் தொற்றும். உங்கள் வேரில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, இல்லை என்று யார் சொல்வது? வெளியில் இருந்து வந்த பாத்தீனியக் களையைப் பிடுங்கிப் பிடுங்கிக் கை சொறிந்த சனம் நாங்கள், அதையாவது கண்ணால் கண்டு பிடுங்கலாம். பிள்ளைகள் பாசத்தில்தான் கொண்டுவருகிறார்கள், சரி, ஆனாலும் கமக்காரனுக்கு வெளிநாட்டில் இருந்து ஒரு துண்டு வேரும் பெட்டியில் வரக்கூடாது. 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் சும்மா போட்டதல்ல.

ஆகவே எல்லாவற்றையும் வேரோடு கிண்டி அங்கேயே எரித்துவிடுங்கள், ஒரு துண்டு மிஞ்சினாலும் திரும்ப முளைக்கும். கத்தியையும் மண்வெட்டியையும் குளோரின் கரைசலில் கழுவுங்கள். வீட்டில் பியர் காய்ச்சும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள், அனுமதியில்லாமல் காய்ச்சுவது இங்கே குற்றம். மகன் அங்கேயே வளர்க்கட்டும், ஒரு கயிற்றுக்கு இரண்டு மூன்று கொடி மட்டும் விடச் சொல்லுங்கள், வழுக்கும் நைலோன் வேண்டாம், தும்புக் கயிறு கட்டச் சொல்லுங்கள். யாக்கிமாவிலும் இலங்கைத் தும்புக் கயிற்றில்தான் ஹொப்ஸ் ஏறுகிறது.

பந்தலைப் பிரிக்காதீர்கள். பாகலும் புடோலும் வெள்ளரிக் குடும்பம், அதனால் முதல் போகத்துக்கு அவை வேண்டாம், பயற்றங்கொடியை ஏற்றுங்கள்.