சாமுராய் மினியேச்சர் ஆட்டம்: கேள்வி பதில்

கேள்வி அனுப்பச் சொன்னதும் குவித்துவிட்டீர்கள். மேசை மேல் பொம்மை வைத்து ஆடும் சாமுராய் கைகலப்பு ஆட்டங்கள்தான் எனக்குப் பழக்கம், மற்றதற்கெல்லாம் ஒரு வரிதான் வரும்.

கே: அண்ணா, புதிதாகத் தொடங்குகிறேன். எத்தனை பொம்மை வேண்டும்? எந்த விதிப்புத்தகம்?

ப: ஆளுக்கு ஐந்திலிருந்து பத்து பொம்மை, 28 மி.மீ. அளவில். மேசை மூன்றடிக்கு மூன்றடி இருந்தால் தாராளம். இரண்டு விதிகளைச் சொல்வேன். ஆஸ்பிரே பதிப்பகம் 2013-இல் போட்ட 'ரோனின்': கைகலப்பு வந்ததும் தாக்குதலுக்கு எத்தனை வில்லை, தற்காப்புக்கு எத்தனை என்று இருவரும் மறைத்து எடுத்து ஒரே நேரத்தில் திறக்க வேண்டும், எதிராளி முகத்தைப் பார்த்துக் கணிப்பதுதான் பாதி ஆட்டம். 2017-இல் வந்த 'டெஸ்ட் ஆஃப் ஹானர்' வேறு மாதிரி. உங்கள் ஆட்களில் எந்த வகையினர் முறை என்பதே குவளையிலிருந்து எடுக்கும் வில்லையில் இருக்கிறது, மூன்றாவது 'தலைவிதி' வில்லை வந்ததும் சுற்று முடிந்தது, உங்கள் சிறந்த வீரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். எனக்கு இது பிடிக்கும், என் மகனுக்கு எரிச்சல். ஒன்று மட்டும்: முதல் பெட்டிக்குப் பெயிண்ட் அடித்து முடிக்காமல் அடுத்த பெட்டி வாங்காதீர்கள்.

கே: முழுக் கவசமும் சிவப்பு அடிக்கலாமா?

ப: அடிக்கலாம், வரலாறும் ஒத்துக்கொள்ளும். ஜப்பானியப் போர்க் குலமான தக்கேதாவின் படையில் தளபதி யமகாதா மசகாகேயின் ஆட்கள் சிவப்புக் கவசத்துக்குப் பேர் போனவர்கள். 1582-இல் தக்கேதா குலம் விழுந்ததும் அவர்களில் பலர் தொகுகாவா குலத்தின் தரப்பில் தளபதி இயி நவோமாசாவிடம் போனார்கள், சிவப்பும் கூடவே போனது. முதுகுக் கொடிக் கம்பு பிளாஸ்டிக்கில் ஒடிந்தால் கவலை வேண்டாம், பழைய துடைப்ப நார் போதும். மழை நாளில் மட்டும் ஸ்ப்ரே பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடிக்காதீர்கள், பொடிப்பொடியாகப் படியும்.

கே: குதிரை பொம்மை ரொம்பச் சின்னதாக இருக்கிறது. தவறான அளவா?

ப: இல்லை. அக்கால ஜப்பானியக் குதிரை தோள் வரை சுமார் 130 செ.மீ.தான். பெரிதாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கே: நாகஷினோ போரில் தளபதி நோபுநாகாவின் 3,000 துப்பாக்கிகள் மூன்று வரிசையாக மாறி மாறிச் சுட்டு தக்கேதா குதிரைப்படையை அழித்தன. உங்கள் ஆட்டத்தில் துப்பாக்கி ஏன் இத்தனை சோப்ளாங்கி?

ப: இது வரும் என்று தெரியும். 1575-இல் நடந்த அந்தச் சண்டையைப் பற்றி நோபுநாகாவின் ஆள் ஓத்தா கியூயிச்சி எழுதியதில் துப்பாக்கி ஏறக்குறைய ஆயிரம்தான். ஒரு கைப்பிரதியில் பக்கத்தில் 'மூன்று' என்று சேர்த்திருக்கிறார்கள், அங்கேதான் தகராறு. மூன்று வரிசைச் சுழற்சி பிற்காலத்தில் எழுதியவர்கள் சேர்த்த அலங்காரம். சண்டை விடிகாலையில் தொடங்கிப் பிற்பகல் வரை நீண்டது. வரிசை வரிசையாகச் சுட்டுக் கொட்டியிருந்தால் அவ்வளவு நேரம் பிடித்திருக்காதே. மரவேலிக்குப் பின்னால் நின்றதும், ஆள் பலம் அதிகம் இருந்ததும் வெற்றியில் பெரும்பங்கு.

கே (அதே நண்பர்): வேலி இருந்ததால்தானே துப்பாக்கி ஜெயித்தது? அப்படியானால் நான் சொல்வதுதான் சரி.

ப: துப்பாக்கி பயன்படவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? பெரும் படைக்கு நடுவே நிற்கும் ஆயிரம் துப்பாக்கி வேறு, மூங்கில் தோப்பு ஓரம் நிற்கும் இரண்டு துப்பாக்கி வேறு. பழகிய கைக்கே மறுபடி மருந்து இட்டுக் குண்டு தள்ள இருபது முப்பது வினாடி பிடிக்கும். நாலு எட்டு தள்ளி ஈட்டிக்காரன் நிற்கும்போது அது ஒரு யுகம். விதிகள் மறுபடி நிரப்ப ஒரு முறையையே விழுங்குவது அதனால்தான்.

கே: எத்தனை பொம்மை வேண்டும்?

ப: முதல் பதில்.

கே: ஷிமாசு குலச் சின்னத்தில் சிலுவை இருக்கிறதே, கிறிஸ்தவர்களா?

ப: இல்லை. வட்டத்துக்குள் குறுக்குக் கோடு, கிறிஸ்தவம் அங்கே வருவதற்கு முந்தையது.

கே: பட்ஜெட் குறைவு, எத்தனை பொம்மையோடு ஆரம்பிக்கலாம்?

ப: ஐயா, முதல் பதில். ஐந்து. அதற்குப் பெயிண்ட் அடித்துவிட்டுத்தான் ஆறாவது.

கே (துப்பாக்கி நண்பர்): சரி, மூன்று வரிசைக்கு மூன்று பேராக ஒன்பது துப்பாக்கிக்காரர்களை இறக்கினால் என்ன செய்வீர்கள்?

ப: இறக்குங்கள். முதல் மூன்று பேர் சுடும்வரை என் நாகினாட்டாக்காரர் (நீளக் கம்பில் வளைந்த கத்தி வைத்திருப்பவர்) வீட்டுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், மற்ற ஆறு பேர் சுவரைத்தான் சுட வேண்டும், அப்புறம் எல்லோரும் குண்டு தள்ளிக்கொண்டிருக்கும்போது வந்து நிற்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மேசை காலி, வாருங்கள். ஒன்பது பேருக்கும் பெயிண்ட் அடித்துக் கொண்டுவாருங்கள்.