பெட்டை பட்ஜிக்கு வயது என்ன, அதை எப்போது முட்டைக்கு விடலாம்?

வாசகர் கேள்வி: ஒரு ஜோடி பட்ஜி (கூண்டில் வளர்க்கும் சின்னக் கிளி) வாங்கினேன். ஆண் பச்சை நிறம், காலில் வளையம் இருக்கிறது. பெட்டை முழுக்க மஞ்சள், சிவப்புக் கண், வளையம் கிடையாது. இரண்டுக்கும் ஆறு மாதம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். போன மாதம் பெட்டை நான்கு முட்டை இட்டது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, கரு இல்லாத வீண் முட்டை என்று எடுத்துப் போட்டுவிட்டேன். இப்போது மறுபடியும் முட்டையிட வைத்த பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது, வாசலைக் கடித்துக்கொண்டே இருக்கிறது. இவற்றின் உண்மையான வயதை எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொரு முறை முட்டைக்கு விடலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு வேண்டாம். பெட்டி காலியாக இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். புது முட்டை ஏதாவது உள்ளே கிடந்தால் மட்டும் கழற்ற வேண்டாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி வயது. ஆணின் காலில் உள்ள வளையத்தை செல்போனில் நெருக்கமாகப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சுற்றிலும் எங்கேயும் இணைப்போ வெட்டோ இல்லாத முழு வளையம் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அப்படிப்பட்ட வளையத்தைக் குஞ்சு பொரித்து ஐந்திலிருந்து பத்து நாளுக்குள்தான் மாட்ட முடியும். அதற்கு மேல் விரல்கள் பெரிதாகிவிடும், வளையம் நுழையாது. அதனால் அதில் பொரித்த ஆண்டு பொறித்திருந்தால் தைரியமாக நம்பலாம். ஓரத்தில் பிளவு தெரிந்தாலோ, பிளாஸ்டிக் வளையமாக இருந்தாலோ அது வெறும் அடையாளம்தான். எந்த வயதுப் பறவைக்கும் எப்போது வேண்டுமானாலும் மாட்டிவிடலாம்.

வளையம் உதவாவிட்டால் நெற்றியையும் கண்ணையும் பார்க்க வேண்டும். பச்சை, நீலம் போன்ற வழக்கமான நிறங்களில், குஞ்சுகளுக்கு மூக்கை ஒட்டிய இடத்திலிருந்தே நெற்றி முழுக்கக் கறுப்புக் கோடுகள் ஓடும். மூன்று நான்கு மாதத்தில் முதல் தடவை இறகு உதிரும்போது அந்தக் கோடுகள் போய், நெற்றி சுத்தமான மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஆகிவிடும். கண் கொஞ்சம் தாமதம். குஞ்சின் கண் முழுக் கறுப்புப் பொட்டு மாதிரி இருக்கும். நான்கு மாதத்துக்கு மேல் கறுப்பைச் சுற்றி சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிய ஆரம்பித்து, எட்டு மாதம் வாக்கில் நன்றாக வெளுத்துவிடும். ஆக, உங்கள் ஆணுக்கு நெற்றிக் கோடு இல்லை, கண் வளையம் இப்போதுதான் மங்கலாகத் தெரிகிறது என்றால் ஆறு மாதம் என்று சொன்னது சரியாகத்தான் இருக்கும். கண் வளையம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் ஆறு மாதக் கணக்கு சந்தேகம்தான். அதற்கு மேல் எவ்வளவு என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒரு வயதுப் பறவையும் ஐந்து வயதுப் பறவையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுதான். இறகைத் தடவிப் பார்த்து "இது மூன்று வயது" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், ஒரு சிரிப்போடு கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

உங்கள் பெட்டை விஷயத்தில் இந்த அளவு வசதிகூட இல்லை. முழு மஞ்சள், சிவப்புக் கண் என்றால் அது லுட்டினோ என்ற நிற வகை. உடலில் கறுப்பு நிறமியே இல்லாததால் குஞ்சாக இருந்தபோதும் நெற்றிக் கோடு தெரிந்திருக்காது. கண் மட்டும் ஓரளவு உதவும். நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டில் பாருங்கள். சிவப்பைச் சுற்றி வெளிர் வளையம் தெரிந்தால் வளர்ந்த பறவை, ஒரே சிவப்பாக இருந்தால் இளசு.

மூக்கின் மேல் உள்ள தடித்த தோலைப் பார்த்து வயது சொல்பவர்கள் உண்டு. அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இளம் பெட்டைக்கு அது வெளிறி, மூக்குத் துளைகளைச் சுற்றி வெள்ளை வட்டத்தோடு இருக்கும். முட்டையிடும் பருவம் வந்ததும் காப்பிக் கொட்டை நிறத்துக்கு மாறித் தடிக்கும். பருவம் தணிந்தால் திரும்ப வெளுக்கும். ஆறு மாதத்துப் பெட்டைக்கும் மூக்கு பழுப்பாகலாம், ஐந்து வயதுப் பெட்டைக்கும் ஆகலாம். உடலில் ஹார்மோன் ஏறியிருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது. முட்டை இடுகிற அளவுக்கு உடல் தேறியிருக்கிறதா என்று சொல்வதில்லை. (இடையில் ஒன்று: நீல மூக்கோடு இருந்த ஆணுக்கு மூக்கு பழுப்பாக மாறினால் அது விதைப்பைக் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.)

கால் செதில் செதிலாக இருக்கிறது, அலகு நீண்டுவிட்டது, அதனால் கிழடு என்று முடிவு கட்டுவதும் தவறு. காலிலும் அலகோரத்திலும் பொருக்குத் தட்டினால் பெரும்பாலும் அது சிற்றுண்ணி வேலை. அலகு அளவுக்கு மீறி வளர்ந்தால் கல்லீரல் கோளாறாக இருக்கலாம். இரண்டுக்கும் தேவை வைத்தியம்.

சரி, வயது தெரியாத பெட்டையை என்ன செய்வது? பெட்டையை முட்டைக்கு விட ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும். நான்கு வயதுக்கு மேல் விடக் கூடாது. உங்கள் பெட்டை இந்த எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று தெரியவில்லை. ஆனால் இரண்டு பக்கத்திலும் இருக்கும் ஆபத்து ஒன்றே: முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்வது. இளசுக்கு உடல் முழுதாக வளர்ந்திருக்காது, வயதானதற்குத் தசை தளர்ந்திருக்கும். அதனால் கண்ணில் வெளிர் வளையம் இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் காத்திருங்கள். வளையம் இருந்தால், வயதை விட்டுவிட்டு உடலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உடலைப் பார்ப்பது எப்படி? பெட்டையைக் கையில் மெதுவாக, மார்பை அழுத்தாமல் பிடித்து, நெஞ்சின் நடுவில் ஓடும் எலும்பை ஒரு விரலால் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை நிறைந்து, எலும்பின் விளிம்பு லேசாகத் தட்டுப்பட்டால் நல்லது. கத்தி முனை போல் துருத்தினால் மெலிவு. எலும்பே தட்டுப்படாமல் சதை பிதுங்கினால் கொழுப்பு. கொழுத்த பெட்டைக்கும் முட்டை சிக்கும், இதைப் பலர் யோசிப்பதில்லை. சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை போட்டு எழுதிவையுங்கள். வீட்டில் வளரும் சாதாரண பட்ஜி 30 முதல் 40 கிராம் இருக்கும்.

உங்கள் பெட்டை இப்போதுதான் நான்கு முட்டை இட்டு முடித்திருக்கிறது. அந்த ஓடுகளுக்கான சுண்ணாம்புச் சத்து அதன் உடம்பிலிருந்து போனது. நீங்கள் முட்டைகளை ஒரு வாரத்திலேயே எடுத்ததுதான் அது மறுபடி பெட்டிக்குள் போவதற்கு முக்கியக் காரணம். முட்டை காணாமல் போனால் பட்ஜி ஈடுகட்ட மறுபடி இடும். வீண் முட்டையாக இருந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள். மூன்று வாரம் அடைகாத்து, தானே சலித்து எழுந்துவிடும். அப்போது முட்டையையும் பெட்டியையும் சேர்த்து எடுக்கலாம். பெட்டிக்குள் இப்போது புது முட்டை இருந்தாலும் இதே வழிதான். உண்மையில் வீண்தானா என்று பார்க்க, அடைகாக்க ஆரம்பித்த ஏழாம் நாள் இருட்டில் முட்டைக்குப் பின்னால் சின்ன டார்ச் வெளிச்சத்தைக் காட்டுங்கள். சிவப்பு நரம்புகள் வலை போலத் தெரிந்தால் கரு இருக்கிறது. தொடர்ந்து வீணானால் உட்காரும் குச்சியை ஆட்டிப் பாருங்கள். குச்சி ஆடினால் இணை சரியாகச் சேராது. முட்டை வீணாவதற்கு இந்தச் சின்ன விஷயம் அடிக்கடி காரணமாகிறது.

பெட்டியை எடுத்த பிறகு ஆறு மாதம் ஓய்வு. வெளிச்சத்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத்துக்குக் குறையுங்கள். பொந்து போல நுழைய எந்த மூலையும் கூண்டில் வேண்டாம். தினை மட்டும் தின்று வளரும் பறவைக்குச் சுண்ணாம்பும் வைட்டமின் ஏ சத்தும் போதாது. கணவாய் மீனின் ஓடு எப்போதும் தொங்கட்டும், தினமும் கீரையும் கேரட்டும் வையுங்கள். அந்தச் சுண்ணாம்பு உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அது கிடைக்காது. நேர் வெயில் படும் இடத்தில் பாதி நிழலோடு கொஞ்ச நேரம் கூண்டை வைத்து, பக்கத்திலேயே இருங்கள்.

அப்புறம், இரண்டும் ஒரே தாய்க் குஞ்சுகள் இல்லை என்பதை விற்றவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஓய்வு முடிந்து, பறவை மருத்துவர் ஒருவர் பெட்டையைப் பார்த்துச் சரி என்றால் பெட்டி வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு ஈற்றுக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒவ்வொன்றாக, மொத்தம் நான்கு முதல் ஆறு முட்டை இடும், ஒவ்வொன்றும் 18 நாளில் பொரியும். அதனால் மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் ஆறு முதல் பத்து நாள் வரை வித்தியாசம் இருக்கும், கடைசிக் குஞ்சு நசுங்காமல் தினமும் எட்டிப் பாருங்கள். முட்டையிடும் நாட்களில் பெட்டை இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து, மூச்சுக்கு ஒரு முறை வாலை ஆட்டி முக்கினால் முட்டை சிக்கியிருக்கிறது. வயிற்றை அழுத்தக் கூடாது, எண்ணெய் விடுவதும் வேண்டாம். 30 டிகிரி அளவு வெதுவெதுப்பில் வைத்து அதே நாளில் மருத்துவரிடம் கொண்டு போங்கள். மறுநாள் வரை தாங்காமல் போகலாம்.

குஞ்சுகள் ஐந்தாவது வாரத்தில் பெட்டியை விட்டு வெளியே வரும், இன்னும் ஒரு வாரம் போல அப்பா ஊட்டும். தாமாகத் தின்ன ஆரம்பித்ததும் வேறு கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த ஈற்றுக்குத் தயாராகிவிட்ட பெட்டை, முந்தைய குஞ்சுகளையே கொத்தி விரட்டும்.