கப்பல் மெனு அட்டையில் கிரைஸ்லர் கையெழுத்து: வாங்கலாமா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "குவீன் மேரி கப்பலின் 1930களைச் சேர்ந்த மெனு அட்டை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வயலின் மேதை ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் பென்சிலில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

கையெழுத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் தேதியைப் பாருங்கள். பிரிட்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடிய குவீன் மேரி முதல் பயணம் கிளம்பியது 1936 மே மாதம். அதற்கு முந்தைய தேதி இருந்தால் பேச்சே இல்லை. தேதி சரி என்றால், அந்தப் பயணத்தில் கிரைஸ்லர் இருந்தாரா என்று தேடுங்கள். நியூயார்க் வந்திறங்கியவர்களின் பெயர்கள் அமெரிக்கக் குடிவரவுப் பதிவேடுகளில் இருக்கின்றன. பிரிட்டன் வந்தவர்களின் பட்டியலை அந்நாட்டு தேசிய ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. இரண்டையும் இணையத்திலேயே தேடலாம். பயணிகளுக்குக் கொடுத்த அச்சுப் பட்டியலும் உதவும். ஆனால் அது பயணத்துக்கு முன்பே அச்சானது. கடைசி நேரத்தில் ஏறியவர் பெயர் அதில் விடுபட்டிருக்கலாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், அட்டை அசலாக இருப்பது மட்டும் போதாது. கையெழுத்தில்லாத பழைய மெனுக்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. போலி செய்பவர் அதில் ஒன்றை வாங்கிப் பெயரை எழுதினால் முடிந்தது.

பென்சில் என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். சாப்பாட்டு மேஜையில் கையில் கிடைத்ததை வைத்துப் போடுவது இயல்புதான். பால்பாயிண்ட் பேனாவாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அமெரிக்கக் கடைகளுக்கு அது வந்ததே 1945 அக்டோபரில்தான். லென்ஸில் பார்க்கும்போது கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது அச்சு. ஒப்பிட்டுப் பார்க்க அதே பத்தாண்டில் அவர் போட்ட கையெழுத்துகளை எடுங்கள், ஏனெனில் வயதோடு கையெழுத்தும் மாறும்.

என்னைக் கேட்டால், மெனுவைவிடக் கப்பல் கச்சேரியின் நிகழ்ச்சி நிரல்தான் நல்ல சேகரிப்பு. மாலுமிகளின் குடும்ப நல நிதிக்காக நடுக்கடலில் கச்சேரி நடத்துவது அந்தக் காலத்து வழக்கம். பயணம் செய்யும் கலைஞர்களே வாசிப்பார்கள், பாடுவார்கள். கையெழுத்திட்ட நிரல்களை அந்த நிதிக்காக விற்பதும் உண்டு. கலைஞர் பெயர், கப்பல், தேதி மூன்றும் ஒரே தாளில் அச்சாகியிருக்கும்போது கையெழுத்துக்குப் பக்கத்திலேயே சாட்சியும் இருக்கிறது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

வாங்கிய பிறகு அமிலமில்லாத அட்டையோடு பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். பிவிசி உறையும் லேமினேஷனும் வேண்டவே வேண்டாம். பணம் கொடுக்கும் முன், போலி என்று தெரிந்தால் முழுத் தொகையையும் திருப்பித் தருவதாக விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.