ஜேன் மானிங் ஏன் விலகவில்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மார்மன்கள் என்ற கிறிஸ்தவச் சபையினர் அமெரிக்காவின் மேற்கே குடியேறியது பற்றிய உங்கள் கட்டுரையில் ஜேன் மானிங் என்ற கறுப்பினப் பெண் ஒரே வரியில் வந்துபோகிறார். யார் இவர் என்று தேடிப் படித்தேன். கோபம்தான் வந்தது. தன்னைக் கோயிலின் முக்கியச் சடங்குகளுக்கு விடாத சபையில் சாகும்வரை இருந்திருக்கிறார். போதாக்குறைக்குப் பலதார மணம் வேறு. ஆரம்பத்தில் சேர்ந்த இந்தப் பெண்களெல்லாம் ஏமாற்றப்பட்டவர்கள்தானே? அப்புறம், மார்மன்கள் நம் பக்கம் வந்ததுண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

கோபம் நியாயமானதுதான். ஆனால் ‘ஏமாற்றப்பட்டவர்’ என்று சொல்லிவிட்டால் ஜேனைப் பற்றிப் பேச மேற்கொண்டு எதுவும் இருக்காது. எனக்கு அவரிடம் பேச நிறைய இருக்கிறது.

கனெக்டிகட் மாநிலத்து வில்டனில் 1820களின் தொடக்கத்தில் பிறந்தவர். அடிமையாகப் பிறந்தவரில்லை. சிறு வயதிலேயே ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேலைக்குப் போனார். ஊர்த் தேவாலயத்தில் உறுப்பினராகச் சேர்ந்தும் மனம் நிறையவில்லை, வேறு ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று பிற்காலத்தில் சொல்லி எழுதவைத்த வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார். மார்மன் ஊழியர் ஒருவர் பிரசங்கம் செய்ய வந்தபோது, போகக்கூடாது என்று பாதிரியார் தடுத்தார். போனார், கேட்டார், ஞானஸ்நானம் பெற்றார். தன் அம்மாவையும் உடன்பிறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு 1843ல் இல்லினாய் மாநிலத்து நாவூ நகருக்குக் கிளம்பினார். அப்போது அதுதான் மார்மன்களின் தலைநகரம் மாதிரி.

பஃபலோ நகர் வரை வந்ததும் உடன் வந்த வெள்ளையர்கள் படகில் போனார்கள். இவர்களை ஏற்றவில்லை. மீதி ஏறக்குறைய 800 மைலையும் நடந்தே கடந்தார்கள். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, மண்ணில் ரத்தத் தடம் பதிந்தது என்கிறார். பியோரியாவில் ‘நீங்கள் அடிமைகள் இல்லை என்பதற்குக் காகிதம் எங்கே?’ என்று கேட்டுச் சிறையில் போடுவதாக மிரட்டினார்கள். பிறவியிலேயே சுதந்திரமானவர்களிடம் ஏது காகிதம்? இப்படி வந்து சேர்ந்தவரை யாரோ இழுத்துவந்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

நாவூவில், மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் வீட்டிலேயே தங்கித் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. இங்கே ஒரு காட்சி உண்டு, உங்களுக்குப் பிடிக்காது. அதே வீட்டில் எமிலி, எலைசா என்ற பார்ட்ரிட்ஜ் சகோதரிகளும், மரியா, சாரா என்ற லாரன்ஸ் சகோதரிகளும் இருந்தார்கள். ஒருநாள் ஐவரும் பேசிக்கொண்டிருக்கையில் சாரா, ‘ஓர் ஆணுக்கு ஒன்றுக்கு மேல் மனைவி இருந்தால் என்ன நினைப்பாய்?’ என்று கேட்கிறார். தப்பில்லை என்கிறார் ஜேன். ‘நாங்கள் நால்வருமே ஜோசப்பின் மனைவிகள்தான்’ என்கிறார் மரியா. ஜேன் துள்ளி எழுந்து கைதட்டினாராம். இதைச் சொல்வது ஜேனேதான். பலதார மணத்தைச் சபை வெளிப்படையாக அறிவித்தது 1852ல்தான். அதற்குப் பல வருடம் முன்பே நடந்தது இது. எனக்கும் இதைப் படிக்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நம் வசதிக்காக அவர் கையை நாம் கட்டிவைக்க முடியாது.

விலக வழியில்லாமல் இருந்தார் என்றும் சொல்ல முடியாது. ஜோசப்பின் முதல் மனைவி எம்மா பலதார மணத்தை வெறுத்தவர். 1844ல் கணவர் கொல்லப்பட்ட பிறகு, சபையின் அடுத்த தலைவரான பிரிகம் யங் பின்னால் மேற்கே போக மறுத்து நாவூவிலேயே தங்கி 1879ல் இறந்தார். ஜேன் போனார். ஐசக் ஜேம்ஸ் என்பவரை மணந்து 1847ல் இன்றைய யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்.

அங்கே 1849ல் நடந்ததுதான் எனக்கு முக்கியம். மேலே சொன்ன எலைசா பார்ட்ரிட்ஜ், ஜோசப் இறந்தபின் சபைத் தலைவர்களில் ஒருவரான அமாசா லைமனின் மனைவிகளில் ஒருவரானார். லைமன் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிவிட்டார், வீட்டில் ரொட்டி சுட மாவு இல்லை. எலைசா நாட்குறிப்பில் எழுதுகிறார்: கறுப்பினப் பெண் ஜேன் ஜேம்ஸ் இரண்டு பவுண்டு மாவு கொடுத்தாள், அவளிடம் இருந்ததில் ஏறக்குறைய பாதி அது. துணி துவைத்துப் பிழைத்தவர், சபையின் பெரிய தலைவர் ஒருவரின் மனைவிக்குத் தந்த மாவு. ஜேன் தன் குறிப்பில் இதைச் சொல்லிக்காட்டவே இல்லை.

1852ல் பிரிகம் யங், கறுப்பினத்தவருக்குக் குருத்துவம், அதாவது சபையில் சடங்குகளை நடத்தும் அதிகாரம், கிடையாது என்று அறிவித்தார். கோயில் சடங்குகளும் அதோடு போயின. மார்மன் நம்பிக்கைப்படி அந்தச் சடங்குகள் இல்லாமல் மறுமையில் குடும்பம் சேராது. அதனால் ஜேன் கேட்டார். 1884ல் சபைத் தலைவர் ஜான் டெய்லருக்கு எழுதிய கடிதத்தில், ஆபிரகாமின் சந்ததியால் பூமியின் எல்லா ஜாதிகளும் ஆசீர்வதிக்கப்படும் என்றுதானே வாக்கு, எனக்கு மட்டும் ஆசீர்வாதம் இல்லையா என்கிறார். அவர்களுடைய வேதத்தை எடுத்தே அவர்களை மடக்குகிறார். இன்னொரு வாதமும் வைத்தார்: நாவூவில் எம்மா, ‘எங்களுக்கு மகளாக ஆகிறாயா?’ என்று கேட்டார், விவரம் புரியாமல் மறுத்துவிட்டேன், இப்போது சம்மதம்.

தலைவர்கள் 1894ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மறுமையில் ஜோசப் ஸ்மித்துக்குப் பணியாளாக அவரை இணைத்துவைத்தார்கள். மகளாகக் கேட்டவரை! அந்தச் சடங்குக்கும் அவரைக் கோயிலுக்குள் விடவில்லை, அவருக்குப் பதிலாக வேறொரு பெண் நின்றார். இதில் அவருக்குத் திருப்தி இல்லை, மறுபடியும் விண்ணப்பித்தார் என்று தலைவர்களின் கூட்டக் குறிப்பே சொல்கிறது. மறுபடியும் இல்லை என்றார்கள். 1908ல் இறந்தபோது சபைத் தலைவரே வந்து இரங்கல் பேசினார். தடை நீங்கியது 1978ல்.

எனக்குப் படுவது இதுதான். அந்த மதம் தனக்குச் சொந்தம் என்று ஜேன் நினைத்தார். வாசலில் நிற்பவர்கள் மறித்தார்கள் என்பதற்காகச் சொந்த வீட்டை விட்டுப்போக அவருக்குத் தோன்றவில்லை. அது சரியா என்று நீங்களும் நானும் வாதாடலாம்.

கடைசிக் கேள்விக்குச் சுருக்கமாக: வந்தார்கள். 1853ல் ரிச்சர்ட் பாலண்டைன் என்பவரும் கூட்டாளிகளும் மதராஸில் இறங்கிப் பிரசங்கம் செய்தார்கள். சேர்ந்தவர்கள் சொற்பம். அடுத்த வருடமே பாலண்டைன் கப்பலேறிவிட்டார்.