பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது, திரும்பிப் போனது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 'டெலிவரி செய்யப்பட்டது' என்று காட்டுகிறது. வாசலில் எதுவும் இல்லை, பக்கத்து வீடுகளிலும் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் பொறுத்திருங்கள் என்கிறார்கள். பொறுக்கலாமா?

இரண்டு நாள் வேண்டாம். மறுநாள் வேலை நேரம் முடியும் வரை காத்திருந்தால் போதும். அந்த ஒரு நாளுக்கும் காரணம் உண்டு. பணிநேரம் முடியும் முன் கணக்கை முடிக்க, சில ஊழியர்கள் வண்டியில் மிச்சமிருக்கும் பார்சல்களையும் 'டெலிவரி' என்று பதிந்துவிட்டு மறுநாள் காலையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். விதிப்படி தவறு, ஆனால் நடக்கிறது. மறுநாளும் வரவில்லை என்றால், அதே எண்ணுள்ள வேறு தெருவிலோ வேறு தளத்திலோ கொடுத்திருக்கலாம், அல்லது யாரோ எடுத்திருக்கலாம்.

புகார் கொடுக்கும்போது 'வரவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். நான்கு விவரங்களைக் கேளுங்கள்: டெலிவரி ஸ்கேன் ஆன நிமிடம், அந்த நேரத்தில் கருவி பதிந்த ஜிபிஎஸ் இடம், கையெழுத்து அல்லது வாசல் படம், ஓடிபி வாங்கினார்களா என்ற குறிப்பு. ஜிபிஎஸ் புள்ளி உங்கள் வீட்டிலிருந்து தள்ளி இருந்தால் அந்த ஒரு ஆதாரத்திலேயே பெரும்பாலும் வழக்கு முடிந்துவிடும். படத்தில் தெரியும் கதவு, தரை ஓடு, சுவரின் நிறம் ஆகியவை உங்கள் வீட்டுடையவை இல்லை என்றால், உங்கள் வாசலையும் படம் எடுத்து இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

தாமதிக்கக் கூடாது என்பதற்குக் காரணம், கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்து அவற்றின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். கொண்டுவந்தவரின் நினைவும் அவ்வளவுதான். தொலைபேசியில் பேசினாலும், பேச்சு முடிந்ததும் அதையே மின்னஞ்சலில் எழுதிப் புகார் எண் வாங்கிவிடுங்கள். எழுத்தில் இல்லாத புகாருக்குத் தேதி கிடையாது.

கேள்வி: பெட்டி வந்தது, உள்ளே பொருள் இல்லை. எப்படி நிரூபிப்பது?

எடை. பெரிய பிரிப்பு மையங்களில் பார்சல் ஓடும் பட்டையிலேயே எடைபோடும் கருவி இருக்கும், ஒவ்வொரு மையத்திலும் அந்த எடை பதிவாகும். லேபிளில் 1.8 கிலோ என்றும் உங்கள் கையில் இருப்பது 300 கிராம் என்றும் இருந்தால், எந்த மையத்துக்கு அடுத்து எடை குறைந்தது என்று கேளுங்கள். தொடக்கம் முதலே 300 கிராம் என்றால் அனுப்பியவரிடம்தான் கோளாறு. பெட்டியைத் திறக்காமல் தராசில் வைத்து, லேபிள் தெரியும்படி படம் எடுத்த பிறகு, திறப்பதை வெட்டில்லாத ஒரே வீடியோவாக எடுங்கள். டேப் இரண்டு அடுக்காக ஒட்டியிருக்கிறதா, ஒட்டுக்கு அடியில் அட்டை கிழிந்த தடம் இருக்கிறதா என்பதையும் காட்டுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து பதிவுத் தபால். 'அனுப்பும் நாட்டை விட்டுப் புறப்பட்டது' என்பதோடு மூன்று வாரமாக எதுவும் மாறவில்லை. தொலைந்துவிட்டதா?

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. வெளிநாட்டுத் தபாலைக் கையாளும் பரிமாற்ற அலுவலகத்தில் உங்கள் உருப்படியை ஒரு பையில் போட்டு அந்தப் பையை மூடி முத்திரையிடுகிறார்கள். அதன்பின் நகர்வது பைதான். வந்து சேரும் நாட்டின் பரிமாற்ற அலுவலகத்தில் பை பிரிக்கப்படும் வரை உங்கள் எண்ணுக்குத் தனி ஸ்கேன் கிடையாது. நேரடி விமானம் இல்லாமல் மூன்றாம் நாடு வழியாகப் பை போனால் இந்த மௌனம் இன்னும் நீளும்.

முதலில் எண்ணைப் பாருங்கள். உலகத் தபால் ஒன்றியத்தின் எஸ்10 முறைப்படி அது 13 குறிகள் கொண்டது: இரண்டு எழுத்து, எட்டு இலக்கம், ஒரு சோதனை இலக்கம், கடைசியில் அனுப்பும் நாட்டின் இரண்டெழுத்துக் குறி. முதலெழுத்து ஆர் என்றால் பதிவுத் தபால், சி என்றால் பார்சல், இ என்றால் இஎம்எஸ் எனும் சர்வதேச விரைவுத் தபால், வி என்றால் காப்பீடு செய்தது. யு என்று தொடங்கினால் அது கண்காணிப்பு இல்லாத சாதாரணத் தபால். அந்த எண் சுங்கத் தகவலுக்காகப் போட்டது, அதில் வழி தேடிப் பயனில்லை. 'பதிவுத் தபால்' என்று பணம் வாங்கிக்கொண்டு யு எண்ணில் அனுப்பும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள்.

எண் போலியா, தவறாகத் தட்டச்சானதா என்று வீட்டிலேயே கணக்கிடலாம். எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழியுங்கள். விடைதான் சோதனை இலக்கம். 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் கொள்ள வேண்டும். 12345678 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆகவே ஒன்பதாவது இலக்கம் 5 ஆக இருக்க வேண்டும். வேறு ஏதாவது இருந்தால் எண்ணே தவறு.

எண் சரி, ஆனாலும் நகரவில்லை என்றால் விசாரணை கோருங்கள். பதிவுத் தபால், காப்பீட்டுத் தபால், பார்சல் ஆகியவற்றுக்கு, அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்பது ஒன்றியத்தின் உடன்படிக்கை. சிஎன் 08 என்ற படிவத்தில் இது நடக்கும். அனுப்பியவரையே அவர் நாட்டுத் தபால் நிலையத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். ரசீது அவரிடம் இருப்பதால் அதுதான் வேகமாக நகரும். ஆறு மாதம் இருக்கிறதே என்று ஐந்தாவது மாதம் வரை விடாதீர்கள்.

இன்னொன்று: 'லேபிள் உருவாக்கப்பட்டது', 'தகவல் பெறப்பட்டது' என்று மட்டும் காட்டினால் பார்சல் எங்கும் கிளம்பவில்லை. விற்பனையாளர் கணினியில் லேபிளை அச்சிட்டிருக்கிறார், அவ்வளவுதான். அந்த நிலையில் கூரியரைத் திட்டிப் பயனில்லை, விற்பனையாளரைக் கேளுங்கள்.

கேள்வி: நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். 'கதவு பூட்டியிருந்தது' என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நேரத்தையும் ஜிபிஎஸ் இடத்தையும் கேளுங்கள். உங்கள் கைபேசியின் அழைப்புப் பட்டியலையும் படம் எடுத்து வையுங்கள். 'அழைத்தோம், எடுக்கவில்லை' என்பதும் வழக்கமான பதிவு. ஆனால் முதலில் செய்ய வேண்டியது சண்டை அல்ல, பார்சல் திரும்பிப் போகாமல் தடுப்பது. வழக்கமாக இரண்டு அல்லது மூன்று முயற்சிகளுக்குப் பிறகு உருப்படியை அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள், 'திருப்பி அனுப்பப்படுகிறது' என்ற ஸ்கேன் விழுந்துவிட்டால் நடுவில் நிறுத்துவது மிகக் கடினம். அன்று மாலைக்குள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அலுவலகத்தில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். போகும்போது அடையாள அட்டையும் டிராக்கிங் எண்ணும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: தலையணை அனுப்பினேன். எடை 900 கிராம். கிட்டத்தட்ட ஐந்து கிலோவுக்குக் கட்டணம் கேட்கிறார்கள். ஏமாற்றா?

ஏமாற்று இல்லை, கன எடை. வண்டியிலும் விமானத்திலும் இடமும் விலைதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது கூரியர்களின் பரவலான வழக்கம். விமானச் சரக்கில் 6000-ஆல் வகுப்பார்கள். 40 × 30 × 20 பெட்டி என்றால் 24,000 ÷ 5000 = 4.8 கிலோ. உண்மை எடை, கன எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். தலையணையைக் காற்று நீக்கும் பையில் அழுத்தி உயரத்தை 10 சென்டிமீட்டராகக் குறைத்தால் கணக்கு 2.4 கிலோவாகிவிடும். பெட்டியின் பக்கம் புடைத்திருந்தால் கருவி புடைப்பைத்தான் அளக்கும், ஆகவே அதிகமாகத் திணிக்கவும் வேண்டாம்.

கேள்வி: கண்ணாடிப் பொருள் நொறுங்கி வந்தது. 'உடையக்கூடியது' என்று ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்பினார்கள். 'பேக்கிங் சரியில்லை' என்று இழப்பீட்டை மறுக்கிறார்கள்.

ஸ்டிக்கரை இயந்திரம் படிக்காது. பிரிப்பு மையத்தில் பார்சல் ஓடும் பட்டையிலிருந்து சரிவில் விழுகிறது, அதன்மேல் இன்னொன்று விழுகிறது, தன்னைவிடப் பல மடங்கு கனமான பெட்டிக்கு அடியில் மணிக்கணக்கில் கிடக்கிறது. இவை எல்லாம் விபத்தல்ல, அன்றாட நடைமுறை. இதைத் தாங்குகிறதா என்பதுதான் 'சரியான பேக்கிங்' என்பதற்கு அளவுகோல், அவர்கள் மறுப்பதும் இதை வைத்துத்தான்.

பொருளுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே ஆறு பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் மெத்தை இருந்ததா? மேல்பக்கத்தை விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் பிழை. மூடிய பெட்டியைக் குலுக்கினால் உள்ளே நகரும் சத்தம் வரக் கூடாது. மிக மெல்லிய கண்ணாடி என்றால் பெட்டிக்குள் பெட்டி: பொருளைச் சுற்றிச் சிறு பெட்டியில் இறுக்கி, அதைச் சுற்றி மறுபடி 5 சென்டிமீட்டர் விட்டுப் பெரிய பெட்டி. பழைய அட்டைப்பெட்டி ஒருமுறை நனைந்திருந்தாலோ மடிப்பில் நைந்திருந்தாலோ பாரம் தாங்காது. டேப் 48 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையாமல், நடு இணைப்பிலும் இரு ஓர இணைப்பிலும், மேலும் கீழும் ஒட்ட வேண்டும். நூல் கட்டக் கூடாது, அது ஓடும் பட்டையில் மாட்டும்.

இனி உங்கள் கோரிக்கை. வெளிப்பெட்டியின் ஆறு பக்கம், லேபிள், உள் மெத்தை, உடைந்த பொருள் என எல்லாவற்றையும் படம் எடுங்கள். பரிசோதனை முடியும் வரை பெட்டியைத் தூக்கி எறியவே கூடாது. பல கோரிக்கைகள் தோற்பது இந்த ஒரு காரணத்தால்தான். வெளிப்பெட்டியில் குத்து, நசுங்கல், ஈரத்தடம் இருந்தால் மெத்தை நன்றாக இருந்தும் கையாண்டதில் கோளாறு என்று வாதிடலாம். வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நொறுங்கியிருந்தால், நேர்மையாகச் சொன்னால், பேக்கிங் பக்கம்தான் பழி சாயும்.

கையெழுத்துப் போடும்போது பெட்டி நசுங்கியிருந்தால் அங்கேயே 'சேதமடைந்த நிலையில் பெற்றேன்' என்று எழுதுங்கள். விமான வழியாக நாடு விட்டு நாடு வரும் கூரியர் சரக்குக்கு 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தினால், சேதம் பற்றி எழுத்தில் முறையிடப் பெற்ற நாளிலிருந்து 14 நாள்தான் அவகாசம். முறையிடாமல் வாங்கிக்கொண்டால் நல்ல நிலையில் வந்ததாகவே முதலில் கருதப்படும். இழப்பீட்டு உச்சவரம்பும் எடைக் கணக்கில்தான். 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. இரண்டு கிலோப் பெட்டிக்குள் என்ன விலைப் பொருள் இருந்தாலும் 52 எஸ்டிஆருக்கு மேல் கடமை இல்லை, அனுப்பும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டியிருந்தால் ஒழிய. தபால் துறை வழியாக வந்ததற்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்குத் தபால் விதிகள் தனி.

கேள்வி: விற்பனையாளர் கூரியரைக் கேள் என்கிறார், கூரியர் அனுப்பியவரைக் கேள் என்கிறது.

கூரியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கட்டணம் செலுத்தி ஒப்பந்தம் செய்தவர் விற்பனையாளர், இழப்பீடு கோரும் உரிமை பொதுவாக அவருக்கே. உங்கள் ஒப்பந்தம் விற்பனையாளரோடு. பொருள் கைக்கு வராவிட்டால் அவர் வேறு அனுப்ப வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும், கூரியரோடு அவர் பிறகு பேசிக்கொள்ளட்டும். ஒரு கெடுத் தேதி குறிப்பிட்டு எழுதுங்கள். பதில் இல்லை என்றால் பணம் கட்டிய அட்டை நிறுவனத்திடமோ விற்பனைத் தளத்திடமோ பணத்தைத் திரும்பக் கோருங்கள். அங்கும் கெடு உண்டு, 'இன்னும் ஒரு வாரம் பாருங்கள்' என்று அவர் இழுத்துக்கொண்டே போவதில் அந்தக் கெடு கடந்துவிடக் கூடாது.

கேள்வி: 'பரிசு' என்று எழுதி அனுப்பியும் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது.

'பரிசு' என்பது பொருளின் பெயர் அல்ல. 'பருத்திச் சட்டை, 2, 400 கிராம்' என்று பெயர், எண்ணிக்கை, எடை, மதிப்பு எல்லாம் இருக்க வேண்டும். 300 எஸ்டிஆர் மதிப்பு வரை சிஎன் 22 படிவம், அதற்கு மேல் சிஎன் 23. 2021 ஜனவரி 1 முதல் பொருள் உள்ள சர்வதேசத் தபாலுக்கு இந்தத் தகவல் மின்னணு வடிவிலும் முன்கூட்டியே போக வேண்டும், கையால் எழுதிய படிவம் மட்டும் போதாது. வரி குறையும் என்று மதிப்பைக் குறைத்து எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான்.

கேள்வி: அனுப்பிய பார்சலிலிருந்து பவர் பேங்கை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

பவர் பேங்க் தனி லித்தியம் பேட்டரியாகவே கருதப்படும், சாதனத்துக்குள் பொருத்திய பேட்டரி போல அல்ல. தனி லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடை. தரைவழிச் சேவை இருந்தால் அறிவித்து அனுப்பலாம்.

கேள்வி: 'முகவரி முழுமையாக இல்லை, சிறு தொகை கட்டினால் மறு டெலிவரி' என்று குறுஞ்செய்தி வருகிறது. நிஜமாகவே ஒரு பார்சலுக்குக் காத்திருக்கிறேன். எப்படித் தெரிந்துகொள்வது?

அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். அட்டை எண்ணைப் பிடுங்குவதற்காக ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்படும் செய்தி இது, அவர்களில் யாராவது ஒருவர் பார்சலுக்குக் காத்திருக்கத்தான் செய்வார். விற்பனையாளர் கொடுத்த டிராக்கிங் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். கட்டணம் உண்மையென்றால் அங்கேயும் தெரியும். ஏற்கெனவே அட்டை விவரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், வங்கியை அழைத்து அட்டையை உடனே முடக்கச் சொல்லுங்கள். போன தொகை சிறிது என்று விட்டுவிட வேண்டாம், பெரிய தொகை அடுத்துத்தான் போகும்.