கிளட்ச் போனதற்காகக் காரை மாற்ற வேண்டுமா?

11 வருட கார், கிளட்ச் போய்விட்டது, சரிசெய்வதா புதுசு வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். கிளட்ச் தேய்கிற பாகம்தான், அதற்காக வண்டியை மாற்ற வேண்டாம். முதலில் ஒர்க்‌ஷாப் லிஃப்டில் வண்டியை ஏற்றி அடிப்பக்கம் பாருங்கள். சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தில் ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பார்க்கும்போது தகடு துருப்பிடித்துப் பொரபொரவென்று உதிர்ந்தால், அதற்குமேல் செலவே செய்யாதீர்கள். என் பழைய வண்டியில் அப்படி உதிர்ந்த அன்றே விற்க முடிவெடுத்தேன். அந்தத் துருவும், இன்ஜின் ஆயிலை எரிப்பதைக் காட்டும் நீலப் புகையும் சைலன்சரில் இல்லையென்றால் கிளட்சை மாற்றி தைரியமாக ஓட்டுங்கள்.

அப்புறம், மாற்றியே ஆக வேண்டுமென்றால் 3, 4 வருடம் ஓடிய வண்டியைத் தேடுங்கள். புதுக் காரின் மதிப்பு முதல் சில வருடங்களில்தான் வேகமாக இறங்கும். சர்வீஸ் பதிவுகள் முழுதாக இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்த காரையும் இதேபோல் 11 வருடம் வைத்து ஓட்டுவீர்களென்றால் புதுசு வாங்குவதும் சரிதான்.