உச்சரிப்பை வைத்து ஒரு தலைவரின் அறிவை எடைபோடலாமா?

அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 'நியூக்ளியர்' என்பதை 'நியூக்யுலர்' என்றே சொல்லிவந்தார், அதை வைத்து அவருக்கு அறிவு மட்டு என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ஜிம்மி கார்ட்டர் ஒருவர் போதும் இதற்குச் சாட்சியாக.

கார்ட்டர் ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்ற சிற்றூர்க்காரர். அவர் வாயிலும் அந்தச் சொல் நேராக வராது, கிட்டத்தட்ட 'நியூக்கியர்' என்று விழும். ஆனால் அணு உலையை அவர் அளவுக்கு நெருங்கி அறிந்த அமெரிக்க அதிபர் வேறு யாரும் இல்லை. கடற்படையின் அணு நீர்மூழ்கித் திட்டத்தில், அதை நடத்திய ரிக்கோவர் என்ற அதிகாரியின் கீழ் வேலை பார்த்தவர். 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் உலை விபத்தில் சேதமடைந்தபோது, அதைப் பிரித்தெடுக்க உதவிய அமெரிக்கக் கடற்படைக் குழுவுக்குப் பொறுப்பாகப் போனார். கதிர்வீச்சு காரணமாக ஒருவர் உள்ளே சுமார் ஒன்றரை நிமிடம்தான் இருக்கலாம். அதனால் ஒரு டென்னிஸ் மைதானத்தில் உலையின் மாதிரியைச் செய்துவைத்து, யார் எதைக் கழற்றுவது என்று ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள். கார்ட்டரும் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 28.

அந்த உச்சரிப்புக்குக் காரணமும் எளிதுதான். 'சர்க்குலர்', 'பர்ட்டிகுலர்', 'மாலிக்யுலர்' என்று ஆங்கிலத்தில் அந்த ஓசையில் முடியும் சொற்கள் நிறைய. நாக்கு பழகிய பக்கமே போகிறது. மதுரையை மருதை என்று சொல்பவர்களில் எத்தனையோ பேர் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

தென்மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அதனால் இது எனக்குச் சும்மா ஒரு கேள்வி இல்லை. சிரிப்பவர்கள் உச்சரிப்பை அளப்பதில்லை, பேசுகிறவரின் ஊரைத்தான் அளக்கிறார்கள்.

கென்னடியைப் பாருங்கள். 1962 அக்டோபரில் ஏவுகணை நெருக்கடி பற்றி நாட்டுக்கு ஆற்றிய உரையில், 'கியூபா' அவர் வாயில் 'கியூபர்' என்று வரும். அதைக் கேட்டு யாரும் அவர் அறிவைச் சந்தேகிக்கவில்லை. பாஸ்டன் பேச்சு, ஹார்வர்டு படிப்பு, பணக்காரக் குடும்பம். அவருக்குத் துணை அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன் டெக்சஸ் நாட்டுப்புறப் பேச்சுக்காரர். கென்னடி வட்டாரத்தில் அவரைப் பட்டிக்காட்டான் என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்துப் பேசினார்கள். 1964-இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் வந்தது அந்த ஜான்சன் காலத்தில்தான். தென்மாநில செனட்டர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் பேசிப் பேசியே மசோதாவை முடக்கப் பார்த்தார்கள். எந்த உறுப்பினரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று ஜான்சனுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டே வாக்குரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்தார்.

சரி, புஷ். யேல், ஹார்வர்டு இரண்டிலும் படித்தவர். 1978-இல் டெக்சஸில் காங்கிரஸ் தேர்தலில் நின்றபோது, 'இவர் கிழக்குக் கரைக்காரர், நம்ம ஆள் இல்லை' என்ற பிரசாரத்திலேயே தோற்றார். அப்புறம் வந்த தேர்தல்களில் டெக்சஸ் பேச்சு அவருக்குப் பலம்தான். அதைக் கேலி செய்தவர்கள் வாக்காளர்களையும் சேர்த்துக் கேலி செய்தார்கள். அவரை எடைபோட வேண்டிய இடம் 2003 ஈராக் போர். பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று சொல்லிப் போரைத் தொடங்கினார், அவை கிடைக்கவில்லை. அதே போரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சரளமான, திருத்தமான ஆங்கிலத்தில் வாதாடி ஆதரித்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த அன்றைய பிரதமர் டோனி பிளேர்.